நின்றே வேலை பார்த்தவர்கள், பக்கத்தில் நின்றவரைப் பற்றிச் சொல்லுங்கள்

பட்டுப்பிரிவு:
தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். சேல்ஸில் இருந்தேன். நாள் முழுக்க நிற்பது எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆடித் தள்ளுபடி, ஞாயிற்றுக்கிழமை, எனக்கு மாதவிலக்கு. மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு கவுண்டர் தள்ளி ஃப்ளோர் சூப்பர்வைசர். எங்கள் கவுண்டரில் மூத்தவர் ஒரு அக்கா, விருதுநகர்ப் பக்கம். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எதிரே இருந்த குடும்பத்திடம், "முழுசா விரிச்சுக் காட்டுறேம்மா, அப்பத்தான் ஜரிகை எடுத்துக் காட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பெண்ணை மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். ஐந்தரை மீட்டர் சேலை எனக்கும் சூப்பர்வைசருக்கும் நடுவே நின்றது. "உக்காருடி" என்றார், உதடு அசையாமல். பின்னால் இருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

அந்தக் குடும்பம் அந்தச் சேலையை எடுக்கவில்லை. அக்கா அடுத்ததை விரித்தார். அதையும் எடுக்கவில்லை. அடுத்தது. எத்தனை விரித்தார் என்று தெரியாது. எனக்குத் தலை நேரானபோது கவுண்டர் முழுக்கச் சேலைக் குவியல். அத்தனையையும் மடித்து அடுக்கியதும் அவர்தான், என்னைத் தொடவிடவில்லை.

அவருக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு முறுக்கிச் சுருண்டு கிடக்கும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கு யாராவது சேலை பிடித்தார்களா என்பது இன்னும் உறுத்துகிறது. நான் பிடிக்கவில்லை.

சட்டம்பேசி:
இது எந்த வருடம் என்று சொல்லவில்லையே சகோதரி. 2021க்குப் பிறகு என்றால் இந்தச் சேலை நாடகமே தேவையில்லை. நானும் நின்று வேலை பார்த்தவன்தான். ஸ்பின்னிங் மில். காய்ச்சலோடு போன ஒரு இரவு, பக்கத்து ஃப்ரேம்காரர் என் ஃப்ரேமையும் சேர்த்துப் பார்த்தார், நான் பஞ்சு மூட்டை மேல் தூங்கினேன். சரி, அது இருக்கட்டும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. 2021இல் அதில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். இது முதலாளி போடும் பிச்சை கிடையாது. கேரளத்தில் இதை நமக்கு முன்னால் 2018லேயே கொண்டுவந்துவிட்டார்கள். அதுவும் தானாக வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டுச் சேர்ந்தார்கள், அப்புறம் நாற்காலி கேட்டார்கள். பெண்கூட்டு என்று அமைப்பே வைத்துப் போராடினார்கள். தொழிற்சாலை என்றால் இதெல்லாம் இன்னும் பழசு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 44ஆவது பிரிவு உட்காரும் வசதி பற்றித்தான் பேசியது. 150 பேருக்கு மேல் என்றால் ஓய்வறை, 250 பேருக்கு மேல் என்றால் கேன்டீன், 30 பெண்களுக்கு மேல் என்றால் குழந்தைகள் காப்பகம் என்றும் அதில் இருந்தது.

ஆகவே, தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு எழுதுங்கள். தனியாக எழுதாதீர்கள், நாலைந்து பேராகக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவைக் காலுக்கு இறுக்கமான மருத்துவக் காலுறை போடச் சொல்லுங்கள், ஆனால் டாக்டரைப் பார்த்து அளவு எடுத்த பிறகு. இரவில் காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் இரத்தம் மேலே ஏறும். உப்பைக் குறைக்கலாம்.

பட்டுப்பிரிவு:
ஐயா, நடந்தது சட்டம் வருவதற்கு முந்தின ஆடியில். சட்டம் வந்தபோதும் நான் அங்கேதான் இருந்தேன். ஸ்டூல் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல், கவுண்டருக்கு ஒன்று, நாங்கள் நாலு பேர். யாராவது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் அந்தக் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றுகொள்வார். திட்ட மாட்டார், சும்மா நிற்பார். அவ்வளவு போதும், எழுந்துவிடுவோம். கடைசியில் அந்த ஸ்டூல் மேல் ஏறி மேல்தட்டுச் சேலையை எடுக்கத்தான் பயன்பட்டது. நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டால் அந்த நாலைந்து பேரும் ஹாஸ்டலையும் காலி செய்ய வேண்டும். சாப்பாடும் படுக்கையும் கடைக்காரருடையது.

நான் கால் வைத்தியம் கேட்கவில்லை.

கோவை சிஸ்டர்:
அட்டைப்பெட்டி என்றதும் எழுதத் தோன்றியது. தனியார் மருத்துவமனை ஐசியூ. பைக்கில் விழுந்த பையன், பத்தொன்பது வயது, விடியற்காலையில் போய்விட்டான். நான் சேர்ந்து கொஞ்ச காலம்தான். வெளியே அவன் வீட்டார் அழுகிற சத்தம். உள்ளே பக்கத்து பெட் மானிட்டர் அலாரம் அடிக்கிறது, நான் ஓட வேண்டும். கால் நகரவில்லை.

டியூப்பை ஒட்டுவதற்கு பிளாஸ்திரியைத் துண்டு துண்டாகக் கிழித்துச் சட்டைக் கையில் ஒட்டி வைத்துக்கொள்வோம் இல்லையா? அந்தத் துண்டுகள் அப்படியே என் கையில் இருந்தன. இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். பயங்கரக் கண்டிப்பு, அவரைக் கண்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அலாரத்தை இன்னொரு பெண்ணைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் என் சட்டையில் இருந்த பிளாஸ்திரித் துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார். எல்லாம் எடுத்த பிறகு, "இனி இவனுக்கு இது வேண்டாம். கேஸ் ஷீட்டை நான் எழுதறேன், நீ போய் முகம் கழுவு" என்றார். எட்டு மணிக்கு ஹேண்ட்ஓவரும் அவரே கொடுத்தார். மறுநாள் வழக்கம்போல என் ஊசி ட்ரே சரியில்லை என்று எல்லார் முன்னாலும் திட்டினார்.

@சட்டம்பேசி, இதற்கெல்லாம் பிரிவு எண் உண்டா?

ஓஎம்ஆர் வாசி:
எங்கள் கம்பெனியில் மனநல வாரம் கொண்டாடினார்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மூச்சுப்பயிற்சி. அன்று இரவுதான் ரிலீஸ். மூச்சுப்பயிற்சிக்கு வருகைப்பதிவும் எடுத்தார்கள்.

அதே மாதம் கிளையன்ட் கால். என் முறை வந்தது. வாய் திறக்கிறேன், குரல் வரவில்லை. நெஞ்சு அடிக்கிற அடியில் ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். எங்கள் டீமில் நாகர்கோவில் பெண் ஒருவர், அதிகம் பேச மாட்டார். "அவர் லைன்ல பிரச்சினை, நான் தொடர்றேன்" என்று என் ஸ்லைடுகளை அவர் சொல்ல ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அந்த ஸ்லைடுகளை அவர் பார்த்ததே கிடையாது. எப்படிச் சமாளித்தார் என்று இன்றுவரை புரியவில்லை. கால் முடிந்ததும் "டீ?" என்று ஒரே ஒரு மெசேஜ். கேன்டீனில் உட்கார்ந்தோம். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

14416க்குப் பேசலாம் என்று பிறகுதான் தெரிந்தது. டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு இலவச எண், தமிழிலேயே பேசலாம். பாட்டிலில் அந்த எண்ணையாவது அச்சடித்திருக்கலாம்.

டெப்போ மெக்கானிக்:
எல்லாரும் கைகொடுத்த கதையாகவே சொல்கிறீர்கள். மூடி மறைப்பதும் கைகொடுப்பதில் சேருமா? மதுரைப் பக்கம் ஒரு டெப்போ. ஒரு டிரைவர், தங்கமான மனுஷன், காலையிலேயே வாடை அடிக்கும். அவருக்காக டெப்போவே சேர்ந்து பொய் சொன்னது. இன்று வயிற்றுவலி, நாளை மச்சினன் வீட்டு விசேஷம் என்று டூட்டியை மாற்றி மாற்றி எழுதினார்கள். குடும்பஸ்தன், வேலை போய்விடக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அவர் குடி கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் விடியற்காலை முதல் சிங்கிள், அதாவது முதல் ட்ரிப். வண்டியை எடுக்கிறார். கண்டக்டர் சின்னப் பையன், ஏற மாட்டேன் என்று படிக்கு வெளியே நின்றுவிட்டான். "அண்ணே, ஒண்ணு நீங்க இறங்குங்க, இல்லைன்னா இந்த பஸ் போகாது." டிரைவர் இறங்கி வந்து ஓங்கி ஒரு அறை விட்டார். டெப்போவே பார்த்தது. பையன் புகார் எழுதவில்லை. தன் வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். ஓபி வரிசையில் அவருக்காகச் சீட்டு வாங்க நிற்கிறான், கன்னம் வீங்கியிருக்கிறது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறார்.

அவர் விட்டார், மறுபடி தொட்டார், மறுபடி விட்டார். பையனோடு பேச்சு இல்லை, இன்றுவரை.

பட்டுப்பிரிவு:
மெக்கானிக் அண்ணே, பஸ்ஸில் அறுபது உயிர். என் அட்டைப்பெட்டியில் யார் உயிர் இருந்தது? இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

டெப்போ மெக்கானிக்:
உங்களைச் சொல்லவில்லை தங்கச்சி. ஆனால் அக்கா மறைத்ததால் அந்தக் கடைக்கு ஒரு குறையும் தெரியாமல் போனது இல்லையா? சட்டம்பேசி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

கோவை சிஸ்டர்:
மயங்கி விழுந்திருந்தால் மட்டும் தெரிந்திருக்குமா? தண்ணீர் தெளித்து எழுப்பி அடுத்த கஸ்டமரைக் கவனிக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஒன்றரை ஷிப்ட்:
திருப்பூர், பனியன் கம்பெனி, ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. எனக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்து மெஷினில் ஒடிசாப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. காய்ச்சலோடு வந்து மெஷினில் தலை வைத்துப் படுத்துவிட்டேன். ஷிப்மென்ட் நேரம். அவள் என் பண்டிலை எடுத்துத் தன் மெஷினில் அடித்தாள். அடித்த பிறகு பண்டில் சீட்டை மாற்றவில்லை. என் சீட்டைத் தன் ஜாக்கெட்டில் குத்தி வைத்துக்கொண்டு, முடிந்ததும் அதையே கட்டி செக்கிங்குக்கு அனுப்பினாள். அதாவது பீஸ் என் கணக்கில். சனிக்கிழமைச் சம்பளம் எண்ணும்போதுதான் எனக்கே தெரிந்தது. பணத்தை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டாள்.

2020 லாக்டவுனில் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எங்கள் லைனில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்திக்காரி" என்போம். ஒடிசா என்பதே பிறகுதான் தெரிந்தது.

சட்டம்பேசி அண்ணா, ஒரு கேள்வி. காய்ச்சலில் வேலைக்குப் போகாத நாளுக்கு ஈஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணம் உண்டு என்கிறார்களே, நிஜமா? எனக்குக் கம்பெனியில் அதற்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், கார்டு எதுவும் தரவில்லை.

சட்டம்பேசி:
நிஜம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஈஎஸ்ஐ. ஈஎஸ்ஐ டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், நோய்க்கால விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பெரிய வியாதிகளுக்கு இதைவிட நீண்ட காலம் உண்டு, அந்தப் பட்டியலில் சில மனநோய்களும் இருக்கின்றன (சிஸ்டர், இதற்கு எண் உண்டு). உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. உங்களிடம் பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் பெயரில் பத்து இலக்க எண் ஒன்று இருந்தாக வேண்டும். கார்டு கிடக்கட்டும், முதலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போங்கள். லைனில் மற்றவர்களுக்கும் எண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.