கடைசி வீட்டுக்கு வந்து சேருமுன் மின்னோட்டம் தீர்ந்துவிடுகிறதா?

கேள்வி: பொகவந்தலாவை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை பதினோராம் தரத்தில் படிக்கிறாள். பாடசாலையில் மின்குமிழுக்கு முன்னால் ஓர் அம்பியர்மானியையும் பின்னால் இன்னொன்றையும் இணைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே வாசிப்பைக் காட்டினவாம். ஆனால் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மாலை ஏழு மணியளவில் ஒவ்வொரு வீட்டிலும் கேத்தல் போட்டதும், கடைசி வீடான எங்கள் வீட்டுக் குண்டு பல்ப் மங்கிச் சிவந்துவிடுகிறது. முதல் வீட்டில் அந்த அளவுக்கு மங்குவதில்லை. "முன்னால் உள்ளவர்கள் கரண்டை எடுத்துவிடுகிறார்கள், மிச்சம்தான் நமக்கு வருகிறது" என்கிறாள் அவள். அப்படியானால் பாடசாலையில் இரண்டு வாசிப்புகளும் ஏன் குறையாமல் இருந்தன? அவளுக்கு எப்படி விளக்குவது?

பதில்: விஞ்ஞான ஆசிரியை, ஹட்டன்

வணக்கம் தம்பி. தங்கை இரண்டு அவதானங்களையும் சரியாகவே செய்திருக்கிறார். அவற்றை இணைக்கும் காரணம்தான் வேறு.

செம்புக் கம்பியில் இலத்திரன்கள் எப்போதும் நிறைந்தே இருக்கின்றன. மின்கலமோ மின்பிறப்பாக்கியோ அவற்றைப் புதிதாக உண்டாக்குவதில்லை, சுற்று வழியே தள்ள மட்டுமே செய்கிறது. ஓர் அம்பியர் என்றால், கம்பியின் ஒரு குறுக்குவெட்டைச் செக்கனுக்கு ஒரு கூலோம் ஏற்றம், அதாவது ஏறத்தாழ ஆறு மில்லியன் மில்லியன் மில்லியன் இலத்திரன்கள், கடக்கின்றன என்று பொருள். அவை மின்குமிழுக்குள் எங்கும் தேங்கிவிட முடியாது என்பதால், எத்தனை உள்ளே போகின்றனவோ அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும்.

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் நீர்ச்சக்கரத்தின் சுழற்சியை ரோலருக்குக் கொண்டுபோன தோல் பட்டியைப் பற்றித் தங்கையிடம் சொல்லுங்கள். கொழுந்தை அரைத்ததால் பட்டி தேய்ந்து குறைவதில்லை. போன நீளம் முழுவதும் திரும்பி வருகிறது. ரோலரிடம் விடப்படுவது சக்தி மட்டுமே. பட்டி எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் மறுமுனை ஏறக்குறைய உடனே அசைகிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியில் ஓர் அம்பியர் நேரோட்டம் பாயும்போது, இலத்திரன்கள் சராசரியாகச் செக்கனுக்கு 0.07 மில்லிமீற்றர்தான் நகர்கின்றன. ஒரு மீற்றரைக் கடக்க நான்கு மணித்தியாலம்வரை ஆகும். வீட்டுக்கு வரும் ஆடலோட்டத்திலோ அவை செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் அசைந்தபடி இருந்த இடத்திலேயே நிற்கின்றன. ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. ஏனெனில் அந்தத் தள்ளல் கம்பி நெடுகிலும் ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் பரவுகிறது.

பதில்: வயரிங் வேலை செய்பவர், நோர்வூட்

டீச்சர் சொன்னதற்கு உங்கள் வீட்டுச் சுவரிலேயே சான்று இருக்கிறது தம்பி. ட்ரிப் சுவிட்சுக்குள் லைவ், நியூட்ரல் வயர்கள் இரண்டும் ஒரே இரும்பு வளையத்தின் ஊடாகப் போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும்வரை ஒன்றின் காந்த விளைவை மற்றது அழித்துவிடும். யாராவது லைவ் வயரைத் தொட்டு, அவர் உடல் வழியே 30 மில்லி அம்பியர் நிலத்துக்குப் போனால் அந்தச் சமநிலை கெட்டு, சுவிட்ச் உடனே விழுந்துவிடும். பல்பும் கேத்தலும் ஓட்டத்தைத் தின்பவையாக இருந்தால், அந்தச் சுவிட்ச் ஒரு நிமிடமும் நிற்காது.

இனிக் கடைசி வீட்டு மங்கலுக்கு வருகிறேன். 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் லயத்தின் முன்பக்கத்திலிருந்து 50 மீற்றர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 100 மீற்றர், தடை ஏறத்தாழ 0.7 ஓம். கடைசிப் பக்கத்து வீடுகளில் 2000 வாற்றுக் கேத்தல்கள் இரண்டும் சில விளக்குகளும் சேர்ந்தால் 20 அம்பியர் ஓடும். ஓமின் விதிப்படி 20ஐ 0.7ஆல் பெருக்கினால் 14 வோல்ற்று. அது வயரிலேயே விழுந்துவிடுகிறது. 230 புறப்பட்ட இடத்தில் 216தான் உங்களுக்கு வரும். குண்டு பல்பின் இழை சிறிது குளிர்ந்தாலும் வெளிச்சம் மிகவும் குறைந்து சிவப்பேறும். ஆகவே முன்வீட்டார் எதையும் பறிக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான மெல்லிய வயர்தான் காரணம்.

1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான நீர்மின் நிலையத்தின் மின்சாரத்தையும் இன்று 132,000 வோல்ற்றுக்கு உயர்த்தி அனுப்புவது இதனால்தான். அழுத்தம், அதாவது வோல்ற்று அளவு, பத்து மடங்கானால், அதே வலுவுக்குப் பத்திலொரு பங்கு ஓட்டம் போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் நூறிலொரு பங்காகிவிடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நமது பனியிலும் ஈரத்திலும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் பச்சை பிடித்துவிடும். அப்படி ஓர் இணைப்பில் அரை ஓம் தடை ஏற்பட்டால், ஒரு கேத்தலின் 9 அம்பியரிலேயே அந்தச் சிறு முடிச்சில் 40 வாற்று வெப்பம் பிறக்கும். கூரைப் பலகைக்கு அடியில் அது இருக்கவே கூடாது. மங்கல் திடீரென்று கூடினாலோ விளக்கு துடித்தாலோ, உரிய வயர்மேனை அழைத்து இணைப்புகளைப் பரிசோதியுங்கள்.

கேள்வி கேட்டவர்:

டீச்சருக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. தங்கை இப்போது இன்னொன்று கேட்கிறாள்: ஓட்டம் முழுவதும் திரும்பிப் போகிறது என்றால், மீற்றர் எதைக் கணக்கிடுகிறது?

பதில்: விஞ்ஞான ஆசிரியை, ஹட்டன்

சக்தியைத்தான். ஒரு வோல்ற்று என்பது ஒரு கூலோமுக்கு ஒரு ஜூல். ஆகவே 230 வோல்ற்றில் ஒவ்வொரு கூலோமும் 230 ஜூலைக் கைமாற்றுகிறது. மீற்றர் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சேர்த்தே அளக்கிறது. 2000 வாற்றுக் கேத்தல் அரை மணித்தியாலம் கொதித்தால் ஒரு யுனிட். அண்ணன் சொன்ன வயரில் 14 வோல்ற்றும் 20 அம்பியரும் பெருகி 280 வாற்று வெறும் சூடாகப் போகிறது. அந்த வயர் மீற்றருக்குப் பின்னால் இருந்தால் அந்தச் சூட்டுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். மீற்றர் உங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தால் அது உங்கள் பில்லில் சேராது.