மறு: புல்வார்டுக்குத் தமிழ்ச்சொல் – வெளிவீதி?

குழுவினர்க்கு வணக்கம்.

வரைபடத் தமிழாக்கத்துக்கான சாலைவகைப் பட்டியல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ரோடு சாலை, ஸ்ட்ரீட் தெரு, லேன் சந்து, பைபாஸ் புறவழிச்சாலை. இவற்றில் யாருக்கும் சண்டையில்லை. 'டெட் எண்ட்' என்பதற்கு எதிரே யாரோ 'முடிவுறு பாதை' என்று போட்டிருந்தீர்கள். முட்டுச்சந்து என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சொல் இருக்க, அது எதற்கு? மாற்றிவிட்டேன், கோபிக்க வேண்டாம். மிச்சம் நிற்பது புல்வார்டு.

> அவென்யூ, புல்வார்டு இரண்டுமே மரம் வைத்த அகலச் சாலைதானே? இரண்டுக்கும் நிழற்சாலை என்றே போட்டுவிடலாம்.

கூடாது ஐயா. நிழற்சாலை அவென்யூவுக்கு எப்போதோ பட்டாவாகிவிட்டது. சென்னை அண்ணா நகர், பெசன்ட் நகர் செய்திகளில் '2-வது நிழற்சாலை' என்றுதான் வருகிறது. (அங்கே நிழல் எவ்வளவு மிச்சம் என்று கேட்காதீர்கள்.) பிரெஞ்சில் அவென்யூ என்பது வந்து சேரும் வழி, மாளிகை வாசலுக்கு இருபுறமும் மரம் நட்டுக் கொண்டுவந்த பாதை. மன்ஹாட்டனின் 1811-ஆம் ஆண்டுத் திட்டத்தில் அதற்கு மரமும் இல்லை, மாளிகையும் இல்லை. தீவின் நீளவாக்கில் போனால் அவென்யூ, குறுக்கே போனால் ஸ்ட்ரீட், அவ்வளவுதான். ஆகவே ஃபிஃப்த் அவென்யூவை 'ஐந்தாம் நிழற்சாலை' ஆக்க வேண்டாம். ஊர்க்காரர் வைத்த பெயர் பெயராகவே இருக்கட்டும். நாம் சொல் தேடுவது வகைக்கு மட்டும்.

புல்வார்டின் கதை வேறு. மூலத்தில் அது சாலையே இல்லை, கோட்டைக் கொத்தளம். டச்சுக்காரர்களின் 'போல்வெர்க்' பிரெஞ்சுக்காரர் வாயில் புல்வார் ஆயிற்று. பதினான்காம் லூயி 1670-களில் பாரிஸின் மதிலை இடித்து, அந்த இடத்தில் மரம் நட்டு உலாவ விட்டார். மதில் போனது, பேர் மட்டும் சாலைக்குத் தங்கிவிட்டது. வியன்னாவிலும் 1857-இல் மதிலை இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டுத்தான் அந்தப் பெரிய வட்டச்சாலையைப் போட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் கண்ணில் நின்றது. மதுரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கால் வைப்பது மேல வெளி வீதியில். அங்கிருந்து கோயிலைப் பார்த்து நடந்தால் மாசி, ஆவணி மூலம், சித்திரை என்று வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாக வரும். மாதப் பெயர் வைத்தவை பழையவை. வெளி வீதி அப்படியல்ல. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது பிறந்தது. அந்த வேலையில் கூட நின்றவர்கள் பேரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் கோட்டை வாசலின் மிச்சம் கொஞ்சம் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

பாரிஸில் நடந்ததும் மதுரையில் நடந்ததும் ஒரே காரியம். அப்படியானால் சொல்லும் கையிலேயே இருக்கிறதே. புல்வார்டு = வெளிவீதி. என் முன்மொழிவு இதுதான்.

> பெருவழி என்றால் என்ன? கல்வெட்டிலேயே இருக்கிறதே.

இருக்கிறது. கோவைப் பக்கத்து ராஜகேசரிப் பெருவழியை மறக்கவில்லை. ஆனால் பெருவழி ஊருக்கும் ஊருக்கும் நடுவே போவது. ஊருக்குள் கடைவீதி பார்த்தபடி நடக்கிற இடத்துக்கு அது பொருந்தாது.

– மதுரையிலிருந்து

*

மறு: மறு: புல்வார்டுக்குத் தமிழ்ச்சொல் – வெளிவீதி?

அண்ணை, விளக்கம் நல்லாயிருக்கு. ஆனால் சொல்லை ஏற்க முடியேல்லை. எங்கட ஊரில் வெளிவீதி எண்டால் கோயில் மதிலுக்கு வெளியாலை சாமி சுத்துற வீதி. உள்வீதி சுத்தி முடிச்சு வெளிவீதிக்கு வாறது எண்டு நல்லூர்த் திருவிழாவில் சின்னப்பிள்ளையும் சொல்லும். வரைபடத்தில் அதைப் பாத்தால் தேர் எத்தினை மணிக்கு எண்டுதான் கேப்பினம்.

இன்னொண்டு. ரோட்டுக்கு நீங்கள் சாலை எண்டு போட்டிருக்கிறியள். இலங்கையில் அது வீதி. காலி வீதி, கண்டி வீதி. லேன், ஒழுங்கை. இலங்கைத் தமிழுக்கு வேறு பட்டியல் வேணும்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

*

மறு: மறு: மறு: புல்வார்டுக்குத் தமிழ்ச்சொல் – வெளிவீதி?

புதுச்சேரியிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு இது அகராதிச் சொல் அல்ல, புழங்குகிற சொல். பழைய நகரைச் சுற்றி இருந்த மேற்கு, தெற்கு, வடக்கு புல்வார்டுகள் இன்று அண்ணா சாலை, சுப்பையா சாலை, படேல் சாலை. பேர் மாறியும் 'புல்வார்டு பகுதி' என்றால் அந்த வளையத்துக்குள் இருக்கிற ஊர் என்று எல்லாருக்கும் புரியும். சாலைக்கு வைத்த பேர் ஊருக்கு ஆகிவிட்டது. எங்களை அப்படியே விட்டுவிடுங்கள். மற்ற ஊருக்கு, மதிலை மறந்துவிட்டு அகலத்தைப் பிடித்தால் என்ன? லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் புல்வார்டு எந்தக் கோட்டையை இடித்துப் போட்டது? ஆறு கிடந்தாற்போன்ற 'அகனெடுந் தெரு' என்று மதுரைக்காஞ்சியே உங்கள் ஊரைப் பாடியிருக்கிறதே, அண்ணா.

*

மறு: மறு: மறு: மறு: புல்வார்டுக்குத் தமிழ்ச்சொல் – வெளிவீதி?

சரி, விழுந்துவிட்டேன். என் ஊரை வைத்தே என்னை மடக்கினால் என்ன செய்வது?

நல்லூர்த் தேரைக் குழப்புகிற சொல் வேண்டாம். அகல்தெரு என்றால் இன்றைய காதுக்குத் தெரு சின்னதாகிவிட்டது, அதனால் அகல்வீதி. வீதி என்று முடிவதால் இலங்கைப் பட்டியலிலும் அப்படியே போகும் என்று நினைக்கிறேன். தம்பி பார்த்துச் சொல்லட்டும். ஒழுங்கையையும் காலி வீதியையும் இன்று இரவே தனிக்கோப்பில் ஏற்றுகிறேன். புதுச்சேரிக்குப் புல்வார்டு புல்வார்டாகவே இருக்கும். மதில் கதையை விளக்கக் குறிப்பில் இரண்டு வரியாகப் போடுகிறேன், அதையாவது விட்டுவைக்கவும்.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அகல் வீதியா? கார்த்திகைக்கு விளக்கு ஏத்துற தெருவா?" என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமைவரை வேறு மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுவேன்.

– மதுரையிலிருந்து