படுக்கை போட்ட கம்பர் வானுக்கு எந்த டிப்ரன்சல் (இடது வலது சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுப்பது)? வன்னிப் பாதைகளில் பட்டதைச் சொல்லுங்கள்

ஒட்டுசுட்டான் வான்:
என்னிடம் இருப்பது மிட்சுபிஷி எல்300 டெலிக்கா வான், போர் வீல் (நாலு சில்லுக்கும் இழுவை), 4டி56 டீசல். பின் சீற்றெல்லாம் கழற்றி கட்டில், தண்ணீர் டாங்கி, காஸ் அடுப்பு, இரண்டாவது பற்றரி எல்லாம் ஏற்றியாச்சு. மார்கழியில் முத்தையன்கட்டுப் பக்கம் காட்டுப் பாதையில் போனபோது உழவு மிசின் தடம் குறுக்கே வெட்டிய பள்ளம் ஒன்று வந்தது. முன் இடது சில்லும் பின் வலது சில்லும் அந்தரத்தில் நிற்கின்றன. மனைவியை ஸ்டியரிங்கில் இருத்தி, லோ கியரில் போட்டு அக்சிலேட்டரை மெதுவாக அமத்தச் சொல்லிவிட்டு இறங்கிப் பார்த்தேன். அந்தரத்தில் நின்ற இரண்டும் சுழன்று சேற்றை என் முகத்துக்கு அடிக்கின்றன, நல்ல இறுகின தரையில் நின்ற பின் இடது சில்லு ஒரு விரற்கடைகூட அசையவில்லை. அந்தச் சில்லு சும்மா நின்றதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பொழுது படுகிற நேரம், யானை நடமாடுகிற இடம், கடைசியில் ஜக் அடித்துப் பாலைக் கட்டைகளை அடுக்கித்தான் ஏறினோம். பின்னுக்கு எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் சுழல்வதை ஓரளவு தடுக்கிற டிப்ரன்சல்) போடுவதா, லொக்கர் (இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டுவது) போடுவதா? போட்டு ஓடியவர்கள் சொல்லுங்கள்.

மல்லாவி கராச்:
தம்பி, அதற்கு முதல் ஒன்று. வேறு டிப் (டிப்ரன்சல்) வாங்கிப் போடுவதென்றால் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவா (பல்லு விகிதமா) என்று பாருங்கள். எங்களிடம் வந்த ஒரு டெலிக்காவுக்கு முன்னால் 4.875, பின்னால் யாரோ பழைய பஜெரோவின் 4.636 டிப் தலையைப் போட்டிருந்தார்கள். விற்றவர் “எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லிக் கொடுத்தாராம். ஐந்து வீத வித்தியாசம். சேற்றில் சில்லு வழுக்குவதால் ஒன்றும் தெரியாது, தாரில் வழுக்காமல் முறுகும். போர் வீல் லீவரை எடுக்காமல் அந்த மனிதர் தாருக்கு ஏறி மாங்குளம் பக்கம் போயிருக்கிறார், வண்டி யாரோ பின்னுக்குப் பிடித்து இழுப்பதுபோல் கனத்து, லீவர் இறுகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. நான் போய் ரிவேர்ஸில் கொஞ்சம் எடுத்ததும் கீழே இருந்து “டக்” என்று ஒரு சத்தம், லீவர் கையோடு வந்தது. முன் சில்லுகளுக்கு இழுவையை அனுப்புகிற ட்ரான்ஸ்பர் கேஸ் செயின் அறுந்துவிட்டதென்றுதான் எனக்கு முதலில் பட்டது.

ரேஷியோ பார்க்க டிப்பைத் திறக்கத் தேவையில்லை. முன் சில்லுகளுக்கு நல்லா அணை கொடுத்து, நியூட்ரலில் விட்டு, ஹாண்ட் பிரேக்கை எடுத்து, பின்னால் ஒரு சில்லை மட்டும் தூக்குங்கள். சாதாரண டிப் என்றால் அந்தச் சில்லு இரண்டு சுற்றுச் சுற்ற ப்ரொபெலர் சாவ்ட் (கியர் பக்கமிருந்து டிப்புக்கு வருகிற தண்டு) எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. இரண்டு சுற்றில் 4.6க்கும் 4.8க்கும் வித்தியாசம் பிடிபடாது. இருபது சுற்றிப் பாருங்கள், 46 வந்தால் ஒன்று, 48, 49க்குள் வந்தால் மற்றது.

வவுனிக்குளம்:
லொக்கர் வேண்டாம். குளக்கட்டில் ஓடிப் பார்த்தவர் யாரும் வேண்டாம் என்றுதான் சொல்வார். மழைக்குப் பிறகு எங்கள் கட்டில் லொக் பண்ணின வண்டி ஒன்றில் நான் இருந்தேன், பின்பக்கம் அப்படியே தண்ணீர்ப் பக்கம் சரிந்து போனது. அவ்வளவுதான் கதை.

காரணம் நேரானது. சாய்வில் ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றது உருண்டுகொண்டே இருந்தால் அது வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். லொக் பண்ணினால் இரண்டும் சேர்ந்து வழுக்கும், பிடிக்க ஆளில்லை. அதனால் எல்எஸ்டி போடுங்கள். ஆனால் ஓயில் கவனம். கிளச் தட்டு உள்ள எல்எஸ்டிக்கு அதற்கென்ற ஜிஎல்-5 தர ஓயில் வேண்டும், சாதாரண கியர் ஓயிலை விட்டால் வளைவில் கறகற என்று அதிரும். இன்னொன்று, காசு செலவழிக்க முதல் ஹாண்ட் பிரேக்கை அரைவாசி இழுத்துப் பிடித்து அமத்திப் பாருங்கள், சுழல்கிற சில்லுக்கு எதிர்ப்பு வர மற்றதற்கும் இழுவை போகும். ரயர் காற்றையும் குறையுங்கள். நாயாற்று மணலில் 20 பி.எஸ்.ஐக்கு இறக்கினாலே பாதிப் பிரச்சினை போய்விடும், திரும்பித் தாருக்கு ஏற முதல் அடித்துவிடுங்கள். தண்ணீர் டாங்கியைப் பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக வையுங்கள். 100 லீட்டர் என்றால் 100 கிலோ, அது பின் ஓரத்தில் தொங்கினால் எந்த டிப்பும் உதவாது.

நெடுங்கேணி கமக்காரன்:
வவுனிக்குளம் அண்ணை, சாய்வைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கேட்டவரின் பிரச்சினை சில்லு அந்தரத்தில் நின்றது. சில்லு முழுதாகத் தூக்கிவிட்டால் தட்டு எல்எஸ்டி மற்றச் சில்லுக்குக் கொடுப்பது தட்டுகளைப் பூட்டும்போதே கொடுத்த இறுக்கம் எவ்வளவோ அவ்வளவுதான். கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறது ஜப்பானில் ஓடித் தேய்ந்தது, அந்த இறுக்கமே பாதி போயிருக்கும். வாங்க முதல் ஒரு பக்கத்தைப் பூட்டி மறுபக்கத்தைச் சுற்றிப் பாருங்கள், கையால் இலேசாகச் சுற்றினால் அது வெறும் சாதாரண டிப்.

நாங்கள் வயலில் மாஸி பேர்குசன் ஓட்டுகிற ஆட்கள். களியில் ஒரு சில்லு தோண்டத் தொடங்கினால் வலது குதிகாலால் டிப் லொக்கை மிதிப்போம், வெளியே வந்ததும் காலை எடுப்போம், லொக்கோடு வளைக்க மாட்டோம். காற்றழுத்தத்தால் பூட்டுகிற லொக்கரும் அதே வேலைதான், தேவையான பத்து அடிக்கு மட்டும். போன மாரியில் என் மச்சானின் வான் வாய்க்கால் கடக்கையில் ஒரு பின் சில்லு முழுதாகத் தொங்கியது, பட்டனை அமத்தியதும் அடுத்த சில்லு ஒரு தரம் மண்ணைக் கவ்வி, வண்டி மெல்ல ஏறியது. எஞ்சின் சத்தம்கூட மாறவில்லை, அதைத்தான் மறக்க முடியவில்லை. அதன் கம்பிரசராலேயே ரயருக்கும் காற்று அடிக்கலாம். குளக்கட்டால் போகும்போது அமத்தாதீர்கள், அவ்வளவே. முன்னால் லொக்கர் போட வேண்டாம், ஸ்டியரிங் இறுகும், முன் சாவ்ட் மூட்டு உடையும்.

கொக்கிளாய்:
எதைப் போட்டாலும் டிப்பின் மூச்சுக்குழாயை மேலே ஏற்றுங்கள். சூடான டிப் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி, சீலால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் ஏறின பாதையால் வந்த எங்கள் வானின் டிப் ஓயிலை ஒரு கிழமைக்குப் பிறகு இறக்கினோம், பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பேரிங் எல்லாம் துரு. ஒரு ரப்பர் குழாயும் கிளிப்பும் போதும்.

பரந்தன் பயணி:
பெரிய ரயர் போடப் போகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லையே. என் டொல்பின் (ரொயோட்டா ஹைஏஸ்) வானுக்கு 27 அங்குல ரயரை எடுத்து 30 போட்டதும் ஏ9 வீதியில் எதிர்க்காற்றில் ஐந்தாம் கியர் பிடிக்கவில்லை. மனைவி பிள்ளைகளோடு, டாங்கி நிறைய, ஓமந்தையிலிருந்து நான்காவதிலேயே உருட்டினேன், பின்னால் பஸ் ஹோர்ன் விடாமல் அடிக்கிறான். 4.1 டிப், பெரிய ரயரோடு 3.7 போலத்தான் இழுக்கும். பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் 4.1ஐ 30ஆல் பெருக்கி 27ஆல் பிரியுங்கள், 4.556 வரும். டிப்புக்குள் இருக்கிற கிரவுன் வீல் 41 பல்லு, பினியன் 9 பல்லு, அப்படி ஒரு செற் ரொயோட்டாவில் இருக்கிறது. முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும். லொக்கர் போடத் தலையை எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், ரேஷியோவை அந்த வேலையோடேயே செய்யுங்கள், பினியனை அளந்து பூட்டுகிற கூலி இரண்டு தரம் வராது.