வாலிபால் ஸ்மாஷ் பாதி நெட்டில், மீதி கோட்டுக்கு வெளியே: எந்தப் பயிற்சியில் ஆரம்பிக்க?

நாலாம்_நம்பர்:
வலது கை ஆட்டக்காரன், நாலாம் நம்பரில் (முன்வரிசை இடது ஓரம்) அடிக்கிறேன். செட்டர் உயரமாகத் தூக்கிக் கொடுத்தால் பத்தில் நாலைந்து நெட்டில் மாட்டுகிறது, இரண்டு மூன்று எண்ட் லைனைத் தாண்டிவிடுகிறது. நெட் 2.43 மீட்டர். குதித்தால் மணிக்கட்டு நெட்டுக்கு மேலே வருகிறது, அதனால் உயரக் குறை இல்லை. அடிக்கிற நேரத்தில் பந்து உச்சந்தலைக்கு மேலே, சில சமயம் கொஞ்சம் பின்னால்கூட இருக்கிறது. வாரம் 3 நாள் பயிற்சி செய்ய முடியும்.

கோட்டுக்கு_வெளியே:
விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பந்து தலைக்குப் பின்னால் போவது நீங்கள் சீக்கிரம் ஓடிவிடுவதால்தான். அங்கிருந்து அடித்தால் உள்ளங்கை பந்தின் அடிப்பக்கத்தில் படும், பந்து நீளமாகப் போகும். அதைக் கீழே இறக்கப் பார்த்து இடுப்பை மடக்கினால் கை தாழும், நெட்டில் மாட்டும். இரண்டு தப்புக்கும் வேர் ஒன்றே.

முதலில் பந்தே வேண்டாம். நெட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளியிருக்கிற கோட்டுக்கு ஓரடி பின்னால் நின்று இடது, வலது, இடது என்று மூன்று காலடி. முதல் அடி நிதானமாக, சின்னதாக. இரண்டாவது நீளமாக: வலது குதிகால் முதலில் ஊன்ற வேண்டும், அதே நொடியில் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். மூன்றாவது உடனே ஒட்டிக்கொண்டு வரணும். இடது பாதம் வலதுக்குச் சற்று முன்னால், விரல் நுனி வலப்பக்கம் செட்டரை நோக்கித் திரும்பி. இந்தக் கால்தான் முன்னோட்டத்தை நிறுத்தி மேலே தூக்குகிற பிரேக். காதால் சரிபார்க்கலாம்: "டக்... டக்டக்" என்று கேட்டால் சரி. மூன்றும் ஒரே இடைவெளியில் கேட்டால் வேகம் கூடவில்லை. 10 தடவை, 3 சுற்று.

பிறகு ஒருவர் பந்தை உயரமாகத் தூக்கிப்போடட்டும். அடிக்காதீர்கள், குதித்துப் பிடியுங்கள். பந்து உச்சிக்கு வந்த பிறகே முதல் காலடி. கை முழுக்க நீண்டு, பந்து வலது தோளுக்கு நேராக நெற்றிக்கு முன்னால் பிடிபட வேண்டும். 15 பந்தில் 12 அப்படி வந்த பிறகு அடிக்கப் போங்கள். சலிப்பான பயிற்சிதான், ஆனால் நேரத்தைப் பழக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

சுவரடி:
கால் பயிற்சிக்கு, மேலே சொன்னதே போதும். கைக்குச் சுவர். 4 முதல் 5 மீட்டர் தள்ளி நின்று, இடது கையால் பந்தைப் போட்டு, சுவருக்கு 1 மீட்டர் முன்னால் தரையில் விழுகிற மாதிரி அடியுங்கள். தரை, சுவர், திரும்ப உங்களிடம். பந்து நேராகச் சுவரில் பட்டால் பின்னால் வைத்து அடிக்கிறீர்கள், அல்லது மணிக்கட்டு மடியவில்லை. காலடியிலேயே குத்தினால் பந்தை ரொம்பத் தாழவிட்டுவிட்டீர்கள். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கவே கூடாது. விரல்களை விரித்து, உள்ளங்கையின் அடிப்பாகம் முதலில் பட்டு விரல்கள் பந்தின் மேல் உருள வேண்டும். பந்தைச் சுற்றி ஒரு கலர் டேப் ஒட்டிப் பாருங்கள்: டேப் சக்கரம் மாதிரி நேராக முன்னோக்கிச் சுற்றினால் நல்ல அடி, தள்ளாடினால் கை பக்கவாட்டில் வழுக்குகிறது.

நாலாம்_நம்பர்:
நன்றி. வீடியோவில் பார்த்தால் பாதி தடவை கடைசியில் வலது கால்தான் வருகிறது. அதுவும் தப்பா?

கோட்டுக்கு_வெளியே:
தப்புதான், அதையே முதலில் திருத்துங்கள். வலது கால் முன்னால் வந்தால் அடிக்கிற தோளும் முன்னாலேயே வந்துவிடும், பின்னால் இழுத்து அடிக்க இடமிருக்காது. இடுப்புத் திருப்பத்தின் பலம் போய் தோள்பட்டை தனியாக உழைக்கும், வலி அங்கேதான் வரும். கடைசி இரண்டு அடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: "வலது-இடது", குதிக்காமல், தினம் 20 தடவை. இரண்டு வாரம் கழித்து முதல் அடியைச் சேருங்கள்.

சுவரடி:
ஒன்று விட்டுப்போச்சு. முழுக் குதியை ஒரு நாளைக்கு 40-50க்குள் நிறுத்துங்கள், இரண்டு காலிலும் முழங்கால் மடக்கி இறங்குங்கள். முழங்கால் சிப்பிக்குக் கீழே வலித்தால் அன்றைக்குச் சுவர்ப் பயிற்சி மட்டும்.