ரேசியலைசேசனுக்கு (racialization) தமிழ்ல என்ன போடலாம்? (இனமயமாக்கல் / இனவாக்கம் / இனப்படுத்தல்)

வந்தாறுமூலை மாணவி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கட்டுரை தமிழுக்கு மாத்திக்கொண்டிருக்கன், யுத்தமும் ஆமியும் அரசியலும் சேர்ந்து சனத்தை எப்பிடி இனம் இனமா ஆக்கி வைக்குது எண்டதுதான் விசயம். ரெண்டு சொல்லுல இழுபடுறன். மிலிட்டரைசேசனுக்கு பேப்பர்காரர் எல்லாரும் இராணுவமயமாக்கல் எண்டு எழுதுறாங்க, அதையே போட்டுட்டன். மற்றது ரேசியலைசேசன். இனமயமாக்கல் எண்டு போட்டுப் பார்த்தன், வாசிக்கிற ஆளுக்கு என்ன விளங்கும் எண்டு எனக்கே விளங்கல்ல. ஒரு கந்தோரை இனமயமாக்கிட்டாங்க எண்டா அதுக்குள்ள ஒரே இனத்து ஆக்களை நிரப்பிட்டாங்க எண்டுதான் படும். கட்டுரை சொல்லுறது அது இல்ல, ஒரு கூட்டத்தைப் பிடிச்சு "நீ இந்த இனம்" எண்டு ஒரு அதிகாரம் ஆக்கி விடுறது. சேர்மார் அண்ணன்மார் ஆராச்சும் சொல்லுங்க, கிழமை முடிய முதல் குடுக்கணும்.

கோவை அன்பர் எழுதினது:

வணக்கம்மா. இங்க இனமயமாக்கம்னும் இனவாக்கம்னும் ரெண்டு மாதிரியும் எழுதுறாங்க. எனக்கு இனவாக்கம் பிடிக்கும், சின்னதா இருக்கு. எத்னிக்னா இனக்குழு, ரேஸ்னா இனம்னு பிரிச்சு வச்சுக்கிட்டா உங்க சிக்கல் பாதி தீர்ந்துடும்னு நினைக்கிறேன்.

படுவான்கரையான் எழுதினது:

தங்கச்சி, கோவை ஐயாட பிரிப்பு அங்க சரிவரும், நம்மட பக்கம் வந்தா நிக்காது. இஞ்ச இனம் எண்ட சொல் ஏற்கனவே மூணு நாலு வேலை பார்க்குது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில தகப்பன்ட இனம் எண்டு ஒரு கூடு (கட்டம்). சென்சஸ் படிவத்தில இனம். ஏ.எல் பயோ படிச்ச ஆக்களுக்கு ஜீனஸ் எண்டா சாதி, ஸ்பீசிஸ் எண்டா இனம். மேடையில ஏறினா மூவின மக்களும். சிங்களத்தில ஜாத்திய எண்டா இனமும் அதுதான் தேசமும் அதுதான், சட்டமும் சுற்றறிக்கையும் அங்கயிருந்துதான் நமக்கு மொழிபெயர்ந்து வருது. இதுக்குள்ள இனக்குழு எண்டு ஒண்டைக் கொண்டு வந்தா, குழு எண்டதும் இஞ்ச ஆளுக்கு நெஞ்சு திக்கெண்டும், புலிகளில இருந்து கருணா குழு பிரிஞ்ச 2004க்குப் பிறகு மட்டக்களப்பில குழு எண்டா எந்தக் குழு எண்டுதான் கேப்பாங்க.

மயம் எனக்கும் விருப்பமில்ல. மயம் எண்டா ஒண்டு நிறைஞ்சு கிடக்கிறது. தனியார்மயம் நகரமயம் எல்லாம் சரி. ரேசியலைசேசன்ல நிறையிறதுக்கு ஒண்டும் இல்ல, அது பிரிக்கிற வேலை.

நம்மட ஊர்ல என்ன நடந்தது எண்டு பார்ப்பம், சொல் அதுக்குள்ள கிடக்கும். மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் பழைய ஆக்களைக் கேட்டா முதல்ல குடி, அதாவது தாங்க வந்த வம்சம், சொல்லுவாங்க. தமிழாக்களுக்கும் குடி, முஸ்லிம் ஆக்களுக்கும் குடி, ரெண்டு பேருக்கும் அது தாய் வழியாலதான் வாற. கோயிலை நடத்துற வண்ணக்கர் ஆர், பள்ளிவாசலை நடத்துற மரைக்காயர் ஆர் எண்டதெல்லாம் குடி பார்த்துத்தான். பேசுறதும் ஒரே தமிழ். அதுக்காக அந்தக் காலம் தேனும் பாலும் எண்டு நான் சொல்ல வரல்ல, சண்டை சச்சரவு சாதிப் பாகுபாடு எல்லாம் இருந்தது, ஆனா ஆளைப் பிரிக்கிற கோடு பல பக்கத்தாலயும் போனது. துவக்கு (துப்பாக்கி) வந்தாப் பிறகு கோடு ஒண்டே ஒண்டுதான்.

துவக்குக்கு முதல் தண்ணி வந்தது எண்டதையும் சொல்லணும். 1949ல கல்லோயா அபிவிருத்திச் சபை, நம்மட பட்டிப்பளை ஆத்தை இங்கினியாகலையில மறிச்சு, கூடுதலாச் சிங்கள ஆக்களுக்குக் குடியேற்றம் போட்டு, 1956 ஜூன்ல சிங்களம் மட்டும் சட்டத்தோட அங்கேயே கலவரம் வெடிச்சு, 1961ல மட்டக்களப்பில இருந்து அம்பாறை தனி மாவட்டமா வெட்டுப்பட்டு, தேர்தலுக்கு திகாமடுல்ல எண்டு பேரும் ஆகி, 2012 சென்சஸ்ல பார்த்தா அந்த மாவட்டத்தில முஸ்லிம் ஆக்கள் 43 வீதம் சிங்கள ஆக்கள் 39 வீதம் தமிழாக்கள் 17 வீதம். இந்த வீதக் கணக்குதான் இண்டைக்கு அம்பாறை அரசியலே. பிரதேச செயலகம் ஆருக்கு, கட்டடம் எந்த ஊருக்கு எண்டு எல்லாம் இந்தக் கணக்கை வச்சுத்தான் பேச்சு. ஆறு மறிச்ச காலத்தில ஆமி வந்து இதைச் செய்யல்ல, இஞ்சினியரும் எம்பியும்தான் செஞ்சது.

மறுகா துவக்கு. 1985 ஏப்ரல்ல காரைதீவுப் பக்கம் தமிழ் முஸ்லிம் கலவரம். அதுக்குப் பிறகு ஊர்காவல் படை எண்டு அரசாங்கம் சொட்கண் குடுக்குது, சிங்கள எல்லைக் கிராமத்தில சிங்கள ஆக்களுக்கு, முஸ்லிம் ஊர்ல முஸ்லிம் ஆக்களுக்கு. ஒரு ஊருக்கு இனம் பார்த்து துவக்குக் குடுத்தா அடுத்த ஊர்க்காரன் அந்த நாளில இருந்து பக்கத்து ஊர்க்காரன் இல்ல, மற்ற இனம். மற்றப் பக்கமும் அதே வேலைதான். 1990 ஜூன்ல சரணடைஞ்ச பொலிஸ்காரரில தமிழ் ஆக்களைப் புறம்பாக்கி விட்டுட்டு சிங்கள முஸ்லிம் பொலிஸ்காரர் நூற்றுக்கணக்கில புலிகளால சுடப்பட்டாங்க. ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், தொழுது கொண்டு நிண்ட ஆக்கள் நூறு பேருக்கு மேல. ஆகஸ்ட் 12ஐ ஒட்டி ஒரு பக்கம் ஏறாவூர், ஒரு பக்கம் வீரமுனை கோயில்ல அகதியா இருந்த தமிழ்ச் சனம். செப்டம்பர் 5, தங்கச்சி நீங்க படிக்கிற வந்தாறுமூலை வளாகத்துக்குள்ள இருந்த அகதி முகாம்ல ஆமி 158 பேரைப் பிடிச்சுக் கொண்டு போனது, ஒருத்தரும் திரும்பி வரல்ல. ஜூன்ல தொடங்கி செப்டம்பர் முடிய முதல், அந்தச் சில மாசத்துக்குள்ள நம்மட பக்கத்து இனங்கள் இண்டைக்கு இருக்கிற வடிவத்துக்கு வந்துட்டு எண்டு நான் சொல்லுவன், நூற்றாண்டுக் கணக்கான குடி முறையைப் பின்னுக்குத் தள்ள அந்தச் சில மாசம் போதும்.

இதில கவனிக்க வேண்டியது எல்லா இடத்திலயும் முதல் நடந்தது தெரிவு. வரிசையில விட்டு, புறம்பாக்கி, நீ இஞ்சால வா நீ அங்கால நில். செக்பொயிண்டும் அதே வேலைதான் செஞ்சது. ஐடென்ரி காட்டில இனம் எண்டு ஒரு கூடும் இல்ல, பார்த்திருப்பீங்க. ஆனா பேர் இருக்கு, பிறந்த இடம் இருக்கு, நெத்தியில பொட்டு இருக்கு. சென்றியில நிக்கிற பொடியன் அதை வச்சு மனசுக்குள்ள கூட்டைப் போட்டுக்கொள்ளுவான். சுற்றிவளைப்பில, முகத்தை மூடி ஆமிக்கு ஆளைக் காட்டிக்குடுக்கிற தலையாட்டி சாக்குக்குள்ளால பார்த்துத் தலையை ஆட்டினா அந்த ஆள் அந்த நேரத்தில இருந்து புலி. அவன் முதல் நாள் வரைக்கும் வயல்காரனா இருந்தாலும் சரி.

நம்மட பத்திரிகைத் தமிழைப் பாருங்க. அடையாளம் காணுறதை இலங்கையில இனங்காணல் எண்டுதான் எழுதுவம். அடையாளம் தெரியாத ஆயுதக்காரன் எண்டா இனந்தெரியாத நபர்கள். 2004, 2005ல மட்டக்களப்புச் செய்தி எடுத்தா ஒவ்வொரு நாளும் இனந்தெரியாத துப்பாக்கிதாரிகள்தான். ஊருக்கு எல்லாம் தெரியும், பேப்பருக்கு மட்டும் தெரியாது, அது வேற கதை.

ஆக இனம் எண்ட சொல்லுக்குள்ளயே ஆளைத் தெரிஞ்சு குறிக்கிற வேலையும் கிடக்கு, அதால என்ட முடிவு இனப்படுத்தல். வகைப்படுத்தல், தரப்படுத்தல் மாதிரி. தரப்படுத்தல் எண்டா இலங்கையில என்ன ஞாபகம் வரும் எண்டு சொல்லத் தேவையில்ல, 1970கள்ல கம்பஸ் அனுமதிக்கு மொழிவாரியா வெட்டுப்புள்ளி போட்டது, அதுவும் இந்தக் கதைக்குள்ள வாற ஒண்டுதான், அந்த நினைப்பு ஒட்டினா ஒட்டட்டும். இதில பெரிய வசதி என்னெண்டா படு, படுத்து எண்டு ரெண்டு கை இருக்கு. அதிகாரம் செய்யிறது இனப்படுத்தல், சனம் அதுக்குள்ள போய் நிக்கிறது இனப்படுதல். இங்கிலீசுச் சொல்லில ஆர் செஞ்சது எண்டே தெரியாது, தமிழ்ல ஒளிக்கேலாது. இனவாக்கத்தில எனக்குள்ள குறையும் இதுதான் ஐயா, அது ஆர்ட கையையும் காட்டாது.

மிலிட்டரைசேசனுக்கும் ஒண்டு சொல்லிப் போட்டு முடிக்கிறன். இராணுவமயமாக்கல் எண்டா ஆமி மட்டும்தான். நம்மட பக்கம் ஆமியை விட கூட நிண்டது அதிரடிப்படை, அது பொலிஸ். பிறகு ஊர்காவல் படை, புலிகள், இந்தியன் ஆமி, அதோட நிண்ட இயக்கங்கள், பிறகு பிரிஞ்சு வந்த ஆக்கள். வாவிக்கு அங்கால கடல் பக்கத்து எழுவான்கரை ஒருத்தர்ட கையில, வாவிக்கு இங்கால படுவான்கரை வேற ஒருத்தர்ட கையில, அரசாங்கம் தன்ட கையில உள்ள பக்கத்துக்குக் கிளியர்ட், புலிகள்ட கையில உள்ள பக்கத்துக்கு அன்கிளியர்ட் எண்டு பேர் வச்சது, தோணியில ஏறி இறங்கினா சட்டமே மாறும். இவ்வளவும் இராணுவம் எண்ட ஒரு சொல்லுக்குள்ள அடங்காது. படைமயமாதல் எண்டு போடுங்க.

அக்கரைப்பற்றுக் காக்கா எழுதினது:

தம்பி, இனப்படுத்தல் நல்ல சொல்லு, கைநீட்டி வாங்கிக்கிட்டன். ஆனா ரெண்டு விசயம் இரிக்கி.

ஒண்டு படைமயம். நீங்க படை எண்டு பொதுவா போட்டா அரசாங்கம் பின்கதவால போயிரும். எல்லாரும் துவக்குப் புடிச்சாங்க எல்லாரும் பிழை எண்டு ஒரு வசனத்தில முடிஞ்சிரும். துவக்குப் புடிச்ச மத்த ஆக்கள் எல்லாரும் போயிட்டாங்க, இல்லாட்டி கட்சி நடத்துறாங்க, ஆமி போகல்லயே. 2011ல கம்பஸுக்கு எடுபட்ட புள்ளைகளை ஆமி காம்ப்புல தலைமைத்துவப் பயிற்சிக்குக் கூப்பிட்டது. யுத்தம் முடிஞ்ச கையோட நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ போட்டது. கொரோனாவுக்கு செயலணி, அதுக்குத் தலைவர் இராணுவத் தளபதி. 2020 ஜூன்ல கிழக்கு மாகாணத் தொல்பொருளைப் பாக்கிறதுக்கு ஒரு ஜனாதிபதி செயலணி, தலைவர் முன்னாள் மேஜர் ஜெனரலான பாதுகாப்புச் செயலாளர், போட்ட நேரம் அதில ஒரு தமிழரும் இல்ல ஒரு முஸ்லிமும் இல்ல, கிழக்கில இந்த ரெண்டு பேரும்தான் கூடுதல். பழைய கல்லு ஆர்ட கல்லு எண்டு முடிவெடுக்க முன்னாள் மேஜர் ஜெனரல் என்னத்துக்கு? இதுக்கு இராணுவமயமாக்கல் எண்ட சொல்லுதான் வேணும், ஆக்கல்தான் வேணும், ஆதல் இல்ல.

ரெண்டாவது, எங்கட ஆக்கள் விசயம். சும்மா எங்களை ஆரோ புடிச்சு ஒரு கூட்டுக்குள்ள போட்டாங்க நாங்க போய் நிண்டம் எண்டு எழுதினா அது எங்களுக்கு மரியாதை இல்ல. 1981ல காத்தான்குடியில முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கி 1986ல அஷ்ரப் அதைக் கட்சியாக்கினது, நாங்க தமிழ் பேசுற ஆக்கள்தான் ஆனா தமிழர் இல்ல, எங்களுக்கு எங்கட அரசியல் வேணும் எண்டு நாங்களே எடுத்த முடிவு. அடிபட்டு எடுத்த முடிவுதான், எண்டாலும் எங்கட முடிவு. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி 2019ல தமிழ் ஆக்கள் உண்ணாவிரதம் இருந்ததும், அதுக்கு எதிரா எங்கட ஆக்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் அதே மாதிரி. ஒருத்தரும் துவக்கு நீட்டல்ல, தாங்களாத் திரண்டது. அதுக்கு என்ன சொல்லு?

படுவான்கரையான் எழுதினது:

காக்கா, நீங்களே சொல்லிட்டீங்க, திரண்டது. இனத்திரட்சி. அரசு செய்யிறது இனப்படுத்தல், சனம் தானா செய்யிறது இனத்திரட்சி, ரெண்டுக்கும் நடுவுல இழுபடுறது இனப்படுதல். ஆனா திரட்சி தனியா வானத்தில இருந்து வாறதில்ல எண்டதை விட்டுக்குடுக்க மாட்டன், பிரதேச செயலக எல்லையைக் கீறி வச்சவன் ஒருத்தன் இருக்கான் தானே. மிலிட்டரைசேசனுக்கு ரெண்டையும் வச்சுக்கொள்ளுவம். அரசாங்கம் ஆமியைச் சிவில் வேலைக்குள்ள இறக்கினா இராணுவமயமாக்கல், சனத்துட பேச்சு, கலியாணம், பள்ளிக்கூடம் எல்லாம் துவக்குக்குப் பின்னால போனா படைமயமாதல். ஒரே கட்டுரையில ரெண்டும் வந்தா ரெண்டையும் போடுங்க, கஞ்சத்தனம் வேணாம்.

1936ல சென்னையில கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போனது காரைதீவு விபுலாநந்த அடிகள். நம்மட பக்கத்து ஆள் அங்க போய் எல்லாருக்கும் சொல் பார்த்தவர், கோவை ஐயா கோவிக்கப்படாது.

கோவை அன்பர் எழுதினது:

கோவம் எதுக்குங்க. இனப்படுத்தல் நல்லாவே இருக்கு. இங்க "இனப்"னு ஆரம்பிச்சாலே இனப்பெருக்கம்தான் ஞாபகம் வரும், அதை மட்டும் பார்த்துக்கோங்க.

வந்தாறுமூலை மாணவி எழுதினது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரேசியலைசேசன் இனப்படுத்தல், கட்டுரையில அதோட வாற ரேஸ் ஃபோர்மேசன் இனத்திரட்சி, மிலிட்டரைசேசன் இடம் பார்த்து ரெண்டும். இன்னும் ஒண்டு கிடக்கு. கட்டுரையில வெள்ளைக்காரன்ட மார்ஷியல் ரேசஸ் கதை வருது, 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பஞ்சாப் சீக்கியர், நேபாளக் கூர்க்கா எல்லாம் பிறவியிலேயே சண்டைக்காரர் எண்டு பட்டம் குடுத்து ஆமிக்கு எடுத்தது, மெட்ராஸ் பக்கத்து ஆக்களைக் குறைச்சது. இலங்கையில 1962 ஆட்சிக் கவிழ்ப்புச் சதி முயற்சியில கூடுதலாக் கிறிஸ்தவ அதிகாரிகள் சிக்கினாப் பிறகு ஆமிக்கு ஆள் எடுக்கிறது சிங்கள பௌத்தப் பக்கம் திரும்பினதையும் அதோட வச்சு எழுதியிருக்கு. மார்ஷியல் ரேசஸுக்கு மறக்குடி எண்டு போடலாமா?

படுவான்கரையான் எழுதினது:

மறக்குடி வேணாம் தங்கச்சி. புறநானூற்றுப் பெருமை எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும், பட்டம் குடுத்தவன் வெள்ளைக்காரன் எண்டது மறைஞ்சு போகும், போதாததுக்குக் குடி எண்டா இஞ்ச வேற. போரினங்கள் எண்டு போட்டு மேற்கோள் குறிக்குள்ள வையுங்க, முதல் வாற இடத்தில "பிரித்தானியர் போரினங்களென இனப்படுத்திய" எண்டு ஒருக்கா எழுதினா போதும். 1962க்குப் பிறகு நடந்ததுக்கு அந்தப் பேர் பொருந்தாது, அது ஆமியை ஒரு இனத்தால நிரப்பினது. நீங்க முதல்ல வேணாம் எண்ட இனமயமாக்கல் அங்க சரியா இருக்கும்.