புதுப்பிப்பு: அண்ணனின் விபத்து இழப்பீட்டுக் கணக்கு

லாரி மோதி அண்ணனின் கணுக்கால் நொறுங்கிய வழக்கில் 5.04 லட்சம் தேறும் என்று முன்பு எழுதியிருந்தேன். தீர்ப்பு வந்துவிட்டது, என் கணக்கு தப்பு.

சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தேன். அது இறப்பு வழக்குக்குத்தான். அப்புறம், சான்றிதழிலிருந்த 20 சதவீத ஊனத்தை அப்படியே போட்டேன். உச்ச நீதிமன்றத்தின் 2010 ராஜ்குமார் தீர்ப்பின்படி, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்றுதான் பார்க்க வேண்டும். அண்ணன் தையல்காரர். மிஷினை எந்தக் காலால் மிதிப்பீர்கள் என்று கேட்டபோது கூண்டில் நின்றபடியே வலது பாதத்தை அழுத்திக் காட்டினார், மடங்கவே இல்லை. 40 சதவீதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வயது 38. மாதம் 15,000, எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. அதை 12 மாதத்தாலும், அந்த வயதுக்கான பெருக்கு எண் 15ஆலும் பெருக்கி, 40 சதவீதம்: 15.12 லட்சம். மருத்துவச் செலவு தனி. இன்ஷூரன்ஸ்காரர்கள் அப்பீல் போவார்கள் போலிருக்கிறது.