பான்ஸ் லாபிரிந்த் படம் பார்த்த அன்று: நான்கு பேர் சொன்னது

சுவரொட்டியில் சிறுமியும் மரமும் இருந்ததால் குழந்தைகள் படம் என்று நம்பி, ஏழு வயது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். சிறுமி ஒஃபேலியாவின் மாற்றாந்தந்தை, ராணுவ கேப்டன் விடால், முயல் பிடிக்க வந்தோம் என்ற விவசாயி மகனின் முகத்தில் பாட்டிலாலேயே குத்துவான் இல்லையா, அங்கே அவள் கண்ணைப் பொத்தினேன். விரல் இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். அப்பன், மகன் இரண்டு பேரையும் கொன்ற பிறகுதான் பையிலிருந்து முயல் வெளியே வருகிறது. "அப்ப அவங்க நிஜமாவே முயல் பிடிக்கத்தானே வந்தாங்க?" என்றாள். பாதி ஆடு பாதி மனிதனான ஆட்டுக்கொம்பு ஃபானுக்குக்கூட அவள் பயப்படவில்லை.

*

என்னைப் பயமுறுத்தியது அந்தக் கண்ணில்லாத வெளிறிய ஆள்தான். ஹாஸ்டலில் நடுராத்திரி, லேப்டாப்பில் பார்த்தேன். மேசை நிறைய விருந்து, அதன் முன் தட்டில் இரண்டு கண்கள். ஒஃபேலியா திராட்சையில் கை வைத்ததும் "வேண்டாம்டி!" என்று கத்தியேவிட்டேன். அது கண்ணை உள்ளங்கையில் செருகி, முகத்துக்கு நேரே விரல்களை விரிக்கிறது. பக்கத்து அறைக்காரன் ஓடிவந்தான். ஆனால் கோபம் அவள் மேல்தான். எதையும் சாப்பிடாதே என்று அத்தனை தடவை சொல்லியும்! அவளோடு வந்த இரண்டு குட்டித் தேவதைகளின் உயிர் போச்சு.

*

ஒஃபேலியா மேல் கோபமா? சட்டையை அழுக்காக்கியதற்கு, ராச்சாப்பாடு கிடையாது என்று படுக்க அனுப்பப்பட்ட பிள்ளை அது. கதை நடப்பது 1944இல். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருஷம், ஊரே ரேஷன் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறது. கேப்டன் வீட்டிலோ விருந்து. அவன் உட்கார்ந்த மேசையையும் அந்த வெளிறிய ஆளின் மேசையையும் இன்னொரு தடவை பாருங்கள். திட்டுவதென்றால் கேப்டனைத் திட்டுங்கள்.

*

கர்ப்பிணி அம்மா குணமாக ஒஃபேலியா கட்டிலுக்கடியில் பாலில் வைத்த மந்திர வேரை அம்மாவே நெருப்பில் போடுகிறாள், அது குழந்தை போல வீறிடுகிறது. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சரி, இனிமேல் பார்ப்பவர்களுக்குச் சில விஷயம். டப்பிங்கில் பார்க்காதீர்கள், ஸ்பானிஷிலேயே பாருங்கள். ஆங்கில சப்டைட்டிலை இயக்குநர் கியர்மோ டெல் டோரோவே எழுதினார். ஃபானாகவும் வெளிறிய ஆளாகவும் நடித்தது ஒரே டக் ஜோன்ஸ். ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது சும்மா இல்லை. எல்லாம் ஒஃபேலியாவின் கற்பனைதானே என்று கேட்பவர்கள், பூட்டிய அறையிலிருந்து சாக்பீஸால் வரைந்த கதவு வழியாக அவள் எப்படி வெளியே வந்தாள் என்று யோசியுங்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.